உணவுக்குழாய் இணைப்புக் கசிவு: சிகிச்சையின் வரலாறு

1913-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரக் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட உணவுக்குழாயின் மார்புப் பகுதியை வெட்டி நீக்கினார். மீதமிருந்த முனையை அவர் இரைப்பையோடு இணைத்துத் தைக்கவில்லை. கழுத்தில் ஒரு துளை, இரைப்பையில் ஒரு துளை, இரண்டுக்கும் நடுவே உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய். அந்த மூதாட்டி அக்குழாய் வழியே உண்டு பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். உள்ளே தையல் இணைப்பு இல்லாததால் கசிவுக்கும் இடமில்லை.

பிற்காலத்தில் இரைப்பையை மேலே இழுத்து உணவுக்குழாயோடு தைக்கும் முறை வந்தது. கசிவும் கூடவே வந்தது. குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய வெளியுறை உணவுக்குழாய்க்குக் கிடையாது. மேலே இழுத்த இரைப்பையின் நுனியில் இரத்த ஓட்டமும் குறைவு. மூச்சை இழுக்கும்போதெல்லாம் மார்புக்குள் அழுத்தம் தாழ்வதால், சிறு ஓட்டை வழியாகவும் எச்சில் உள்ளே உறிஞ்சப்படுகிறது. நோயாளி எதுவும் உண்ணாவிட்டாலும் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். மார்புக்குள் சீழ் பிடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மார்பை மீண்டும் திறந்து சரிசெய்வதே முன்பு முக்கிய வழி. நலிந்த உடலுக்கு அதுவே பேராபத்து.

தமிழ்நாட்டில், கோவை ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, மார்பைப் பிளக்காமல் சிறு துளைகள் வழியே இவ்வறுவையைச் செய்தார். 130 நோயாளிகளிடம் பெற்ற அனுபவத்தை 2006-இல் வெளியிட்டார். குப்புறப் படுக்கும்போது நுரையீரல் தானாகவே விலகிக்கொள்ளும். ஆனால் வெளித்துளை சிறிதானாலும், உள்ளே போடும் தையல் அதே தையல்தான்.

வளையும் எண்டோஸ்கோப்பை 1957-இல் அமெரிக்காவில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் அறிமுகப்படுத்தினார். நோயைப் பார்க்க வந்த கருவி, மெல்ல மெல்லச் சிகிச்சைக்கும் பயன்பட்டது. புற்றுநோய் அடைப்பைத் திறக்க உருவான உலோக வலை ஸ்டென்ட், உறை போர்த்தப்பட்டு, கசிவை மூடவும் உதவியது. அது சில வேளை நழுவிவிடும். வெளியே தேங்கிய சீழை வடிக்கத் தனிக் குழாயும் வேண்டும். சிறு ஓட்டைகளைக் கவ்வி மூடும் கிளிப்புகளும் உண்டு.

பெரிய திருப்பம் 2008-இல் ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து வந்தது. மூக்கு வழியே செல்லும் குழாயின் நுனியில் பஞ்சுபோன்ற நுரைப்பொருளைக் கட்டி, எண்டோஸ்கோப்பால் கசிவுக் குழிக்குள் வைத்து, வெளியிலிருந்து தொடர்ந்து உறிஞ்சினர். மார்பு தன் பக்கம் இழுத்த எச்சில் இப்போது குழாய்க்குள் போனது. குழி சுத்தமாகி மெல்லச் சுருங்கியது. சில நாட்களுக்கு ஒருமுறை பஞ்சை மாற்ற வேண்டும். அந்த வாரங்களில் உணவு சிறுகுடலில் பொருத்திய குழாய் வழியே மட்டும்.

இதற்கான கருவிகள் விலை உயர்ந்தவை. பிரேசில் மருத்துவர்கள் சாதாரண மூக்குக் குழாய், துணிப்பட்டை, பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றைக் கொண்டே மலிவான மாற்று ஒன்றை உருவாக்கினர். நம் அரசு மருத்துவமனைகளுக்கு ஜெர்மானியக் கருவியைவிட இதுவே பொருந்தும். இழுத்துத் தைத்த இரைப்பையே அழுகிவிட்டால் மட்டும் எந்தப் பஞ்சும் உதவாது. அப்போது அதை அகற்றி, டோரக் செய்ததைப் போலவே, உணவுக்குழாயின் முனையைக் கழுத்தில் திறந்துவிடுகிறார்கள்.