காலிமுகத்திடல் புகட்டும் பாடம்

மனிதனை நடக்கச் செய்வது அவனது மனவுறுதி மட்டுமன்று. அவன் வாழும் நகரின் அமைப்புமாகும். இதற்குக் கொழும்பு மாநகரே சான்று. தேசாதிபதி சேர் ஹென்றி வோட் காலத்தில், 1856ஆம் ஆண்டு தொடங்கி 1859இல் நிறைவுற்றது காலிமுகத்திடலின் கடலோர நடைபாதை. பெண்கள், குழந்தைகள் நலன் கருதி அதனைப் பேணுமாறு பின்வரும் ஆட்சியாளரை வேண்டும் கல்வெட்டும் அங்குண்டு. அன்று பெரும்பாலும் ஆளும் வகுப்பினர் உலாவிய அவ்விடத்தில் இன்று மாலைதோறும் பலதர மக்களும் உலாவுகின்றனர். அவர்களை எவரும் ஏவவில்லை. கடற்காற்றும் திறந்த வெளியுமே நடக்கச் செய்கின்றன.

1921இல் பற்றிக் கெடிஸ் வகுத்த திட்டமும் கொழும்பைப் பூங்கா நகராக்க விழைந்தது. ஆயினும், நிழல்மரமும் நடைபாதையுமற்ற ஒடுங்கிய ஒழுங்கைகளில் வாழ்வோர்க்குக் கடற்கரை தொலைவானதே. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. பாதை அமைக்காது நடக்குமாறு கூறுதல், நூல் கொடாது மாணவனைப் படிக்கச் சொல்வதை ஒக்குமன்றோ? நடை வீட்டு வாயிலிலேயே தொடங்குதல் வேண்டும். அக்கல்வெட்டின் வேண்டுகோள் நமது ஒழுங்கைகளுக்கும் உரியதே.