தீரத் தீரச் சார்ஜ்: கைபேசி மின்னேற்றப் பழக்கங்களின் வரலாறு

கைபேசிக்குச் சார்ஜ் போடுவது பற்றித் தமிழ்நாட்டில் மூன்று விதிகள் வழங்கி வருகின்றன. புதுப் பேட்டரியை முதல்முறை எட்டு மணி நேரம் ஏற்ற வேண்டும். முழுவதும் தீர்ந்த பிறகே மறுபடி சார்ஜ் போட வேண்டும். இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் நிக்கல் பேட்டரிக் காலத்தவை. மூன்றாவது ஸ்மார்ட்போனோடு பரவியது. பேட்டரிக்குள் இருக்கும் வேதிப்பொருள் மாறிய பிறகும் பழைய விதிகள் நீடித்தன. அவை தோன்றிய காரணங்களையும் பொருந்தாமல் போன கட்டத்தையும், திருத்தணி வட்டாரத்து நெசவு ஊரான அம்மையார்குப்பத்தின் மின்சார, வெப்பச் சூழலோடு சேர்த்து இக்கட்டுரை ஆராய்கிறது.

நிக்கல் காலம்

நிக்கல்-காட்மியம் மின்கலத்தை ஸ்வீடனைச் சேர்ந்த வால்டெமர் யுங்னர் 1899-ல் உருவாக்கினார். பாதி தீர்ந்த நிலையிலேயே இதைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் மின்னழுத்தம் சீக்கிரமே சரியும். கலம் அந்தப் பாதி அளவையே நினைவில் வைத்துக்கொண்டது போலத் தோன்றும். 'நினைவு விளைவு' எனப்பட்ட இக்குறையைத் தவிர்க்க, அவ்வப்போது முழுவதும் தீரவிட்டு ஏற்றுவது சரியான வழியாகவே இருந்தது. பின்வந்த நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலத்தில் இக்குறை தணிந்ததே தவிர மறையவில்லை.

இந்தியாவில் கைபேசிச் சேவை 1995-ல் தொடங்கியது. 2000-ல் வெளிவந்த நோக்கியா 3310 முதலில் 900 மில்லி ஆம்பியர் மணி கொண்ட நிக்கல்-உலோக ஹைட்ரைடு பேட்டரியுடன் வந்தது. கடையில் இருந்து வந்த நிக்கல் கலம் முழுத் திறனை எட்டச் சில சுற்றுகள் தேவைப்பட்டன. எட்டு மணி நேர முதல் சார்ஜ் என்ற அறிவுரை அக்காலத்துக்கு உரியது.

லித்தியத்தின் வருகை

ஸ்டான்லி விட்டிங்காம் 1970-களில் தொடங்கிய லித்தியம் மின்கல ஆய்வை, ஜான் குட்இனஃப் 1980-ல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு மின்முனையால் முன்னெடுத்தார். 1985-ல் அகிரா யோஷினோ பயன்படுத்தத்தக்க லித்தியம்-அயனி முன்மாதிரியைச் செய்தார். 1991-ல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியச் சிற்றூர்களில் லித்தியம்-அயனியைப் பரப்பியதில் 2003-ல் வந்த நோக்கியா 1100-க்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பிஎல்-5சி பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். உப்பிவிட்டதா என்று அறிய மேசைமேல் வைத்துச் சுழற்றிப் பார்ப்பது பரவலான சோதனை. சுற்றினால் நடு புடைத்திருக்கிறது என்று பொருள். 2006 முதல் நோக்கியா கைபேசிகள் திருப்பெரும்புதூரிலேயே தயாராயின. அதே வளாகத்தில் சால்காம்ப் நிறுவனம் சார்ஜர்களைத் தயாரித்தது. 2007 ஆகஸ்டில், மட்சுஷிடா தயாரித்த 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது மிகையாகச் சூடாகக்கூடும் என்று நோக்கியா எச்சரித்து, இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. சார்ஜ் போடும்போது ஏற்படும் சூடு பொதுப்பேச்சுக்கு வந்த தொடக்ககால நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

லித்தியம்-அயனிக்கு நினைவு விளைவு பொருட்படுத்தத் தக்க அளவில் இல்லை. முழுவதும் தீர்ப்பதால் அதற்கு நன்மை இல்லை. ஆழமாகத் தீர்ந்து ஏறும் ஒவ்வொரு சுற்றும் தேய்மானத்தைக் கூட்டும். ஐம்பது சதவீதம் வீதம் இருமுறை ஏற்றினால் அது ஒரே சுற்றாகத்தான் கணக்காகும். பழைய விதி இங்கே தலைகீழானது.

மின்வெட்டுக் காலம்

தமிழ்நாட்டில் 2008 முதல் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு, 2012-ல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. விசைத்தறியை நம்பிய அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் கரண்ட் போனால் தறியும் நிற்கும், சார்ஜரும் நிற்கும். கரண்ட் இருக்கும்போதே போட்டு வைக்கும் முறையைச் சூழலே கட்டாயமாக்கியது. தீரும்வரை காத்திருக்கச் சொன்ன நிக்கல் விதி இதற்கு ஒத்துவராது. பற்றாக்குறையால் வந்த இந்த அரைகுறைச் சார்ஜ், லித்தியத்தின் இயல்புக்கு ஏற்றதாகவும் அமைந்தது.

வெப்பமும் முழுச் சார்ஜும்

மின்வெட்டு தணிந்த பின், ஸ்மார்ட்போனின் அன்றாடத் தேவை இரவுச் சார்ஜைப் பொதுவாக்கியது. லித்தியம் கலத்தை முதலில் மாறா மின்னோட்டத்திலும், ஏறத்தாழ 4.2 வோல்ட்டை எட்டியதும் மாறா மின்னழுத்தத்திலும் ஏற்றுவார்கள். நிறைந்ததும் மின்சுற்று தானே நிறுத்திக்கொள்ளும். ஆதலால் விடிய விடியப் போட்டாலும் மிகையாக ஏறாது. ஆனால் கலம் பல மணி நேரம் உச்ச மின்னழுத்தத்திலேயே இருக்கும். அந்நிலையில் மின்பகுளி மெல்லச் சிதையும். கிராஃபைட் மின்முனைமேல் படலம் தடிக்கும். அதில் சிக்கும் லித்தியம் மீண்டும் பயன்படாது. வெப்பம் இவ்வினைகளை விரைவுபடுத்தும்.

கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட அட்டவணைப்படி, 40 சதவீதச் சார்ஜில் 25 டிகிரி செல்சியஸில் ஓராண்டு வைத்த லித்தியம்-அயனிக் கலத்தில் 96 சதவீதத் திறன் மிஞ்சும். முழுச் சார்ஜில் 40 டிகிரியில் வைத்தால் 65 சதவீதமே மிஞ்சும். திருத்தணிப் பகுதியில் கோடைப் பகல் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். இங்கு எத்தனை மணி நேரம் ஏற்றுவது என்பதைவிட, எங்கே வைத்து ஏற்றுவது என்பது பெரிய கேள்வி. ஓட்டுக்கூரையின் கீழ், தலையணைக்கு அடியில், தடித்த உறையோடு, வெயில் படும் சன்னலோரம் ஏற்றும்போது சூடு வெளியேற வழியில்லை. 2013-க்குப் பின் பரவிய அதிவேகச் சார்ஜிங் கூடுதல் சூட்டையும் சேர்க்கிறது.

மென்பொருளும் சட்டமும்

பேட்டரி உள்ளேயே ஒட்டப்பட்ட பிறகு, மாற்றுவது பயனர் கையைவிட்டுப் போனது. ஆயுளைக் காப்பது வடிவமைப்பின் பொறுப்பாயிற்று. 2019-ல் ஆப்பிளின் ஐஓஎஸ் 13, இரவில் 80 சதவீதத்தில் நிறுத்தி, எழும் நேரத்துக்குச் சற்று முன்பு மீதியை ஏற்றும் வசதியைத் தந்தது. 2023-ன் ஐஃபோன் 15-ல் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் தெரிவும் வந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றிலும் இத்தகைய வரம்பு உண்டு. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் ஸ்மார்ட்போன் பேட்டரிகள், 800 சுற்றுகளுக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதத் திறனைத் தக்கவைக்க வேண்டும். இந்தியாவில் 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், ஆயுள் முடிந்த பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்தன.

ஆக, நிக்கல் காலத்தில் பயனர் கையாலேயே செய்த பராமரிப்பில் பெரும்பகுதியை இன்று மென்பொருள் செய்கிறது. எண்பது சதவீதத்தில் நிறுத்துவதை அது பார்த்துக்கொள்ளும். கைபேசியை நிழலில், காற்றோட்டமான இடத்தில், உறை கழற்றி வைத்து ஏற்றுவது மட்டும் இன்னும் பழக்கத்தின் வேலையாகவே இருக்கிறது.