மஞ்சளித்த இலையின் வரலாறு

வகுப்பறை மூலையில் விளக்கொளியின்கீழ், சிறு நீர்த்தொட்டியில் மண்ணில்லாமல் கீரை வளர்த்துப் பார்க்கும் வழக்கம் இப்போது மாணவரிடையே உண்டு. இலை மஞ்சளித்ததும் அவர்கள் செய்யும் முதற்காரியம், ஊட்டக் கரைசலை மேலும் சிறிது ஊற்றுவதே. செடிக்குக் குறைந்தது எது என்றறியாமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் இம்முறையிலிருந்து அறிவியல் உலகம் விடுபட்ட வரலாறு நெடியது.

பிரசல்ஸ் நகரத்து வான் ஹெல்மான்ட் 200 இராத்தல் உலர்மண்ணில் 5 இராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே வார்த்தார். மரம் ஏறத்தாழ 169 இராத்தலாயிற்று. மண்ணிலோ இரண்டு அவுன்சு அளவே குறைந்திருந்தது. மரம் முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைவுக்குப்பின், 1648-இல், இச்செய்தி நூலாக வெளிவந்தது. காற்றை அவர் கணக்கில் கொள்ளவில்லை; அந்த இரண்டு அவுன்சையும் பொருட்படுத்தவில்லை. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அந்த இரண்டு அவுன்சைப் பற்றியவையே எனலாம்.

1699-இல் இங்கிலாந்தின் ஜான் உட்வர்ட் புதினாவை மழைநீரிலும், தேம்ஸ் ஆற்றுநீரிலும், தோட்டமண் கலந்த நீரிலும் வளர்த்தார். மண் கலந்த நீரில் வளர்ச்சி மிகுந்தது. நீரில் வேறேதோ இருக்கிறது என்பது தெளிவாயிற்று. அது யாது என்பது தெரியவில்லை. 1840-களில் பிரான்சு நாட்டு யூசேப் கிரிஸ், வெளிறிய இலைகளுக்கு இரும்பு உப்புக் கொடுத்துப் பசுமையை மீட்டார். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட மருந்து அப்போது கிடைத்தது.

முறையான வழியை 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்தவர்கள் ஜெர்மானியரான சாக்ஸ், நோப் ஆகியோர். உப்புகளைக் கணக்கிட்டுக் கரைத்த நீரில் செடியை வளர்த்து, அவற்றுள் ஒன்றை மட்டும் விலக்கிப் பார்த்தனர். வேண்டுமென்றே செடியை நோயுறச் செய்து பாடம் கற்றனர் என்றே சொல்ல வேண்டும். இரும்பை விலக்கியபோது முதற் சில இலைகள் பச்சையாகவே இருந்தன. விதையிலிருந்த சேமிப்பு அவற்றுக்குப் போதுமானது. அடுத்து வந்த இளந்தளிர்களோ வெளிறின. முதிர்ந்த இலையில் படிந்த இரும்பு தளிருக்கு எளிதில் இடம்பெயர்வதில்லை. தழைச்சத்தோ இடம்பெயரும், ஆகவே அது குறைந்தால் அடியிலைகள் முதலில் மஞ்சளிக்கும். மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்னும் இக்கேள்வி, என் கருத்தில், செடிநோய் காண்பதில் தலையாயது.

கலிபோர்னியாவில் கெரிக் என்பார் மண்ணில்லாமல் ஓங்கி வளர்த்த தக்காளிக் கொடிகள் பெரும் பரபரப்பை உண்டாக்கின. 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்னும் பெயர் 1937-இல் அவரால் வழக்கிற்கு வந்தது. அப்பரபரப்பை 1938-இல் ஹோக்லண்டும் ஆர்னனும் தணித்தனர்; நல்ல மண்ணைவிட நீர் மிகுதியாக விளைவிக்கும் என்பதற்குச் சான்றில்லை என்றனர். அவர்கள் வகுத்த ஊட்டக் கரைசல் இன்றும் பயன்படுகிறது. மறு ஆண்டு ஆர்னனும் ஸ்டவுட்டும், எச்சத்து இல்லாமல் ஒரு செடி தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க இயலாதோ, எதன் பணியை வேறொன்று ஏற்க இயலாதோ, அதுவே இன்றியமையாதது என வரையறுத்தனர்.

தொட்டியில் இரும்பு இருந்தும் தளிர் வெளிறுவதுண்டு. நீரின் காரத்தன்மை ஏறினால் இரும்பு கரையாது படிந்துவிடும். பானையில் சோறிருந்தும் வாய்க்கு எட்டாத நிலை அது. பெரும்பாலான கீரைகளுக்கு நீரின் பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருத்தல் நன்று.

நம் வெப்பநாட்டில் வேரையும் பார்க்க வேண்டும். 20 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகையிலோ 7.5 மில்லிகிராமே. மூச்சுத் திணறும் வேர் பழுப்பேறி வழவழப்பாகி அழுகத் தொடங்கும். எவ்வளவு உரம் ஊற்றினும் அதனால் உண்ண இயலாது. அப்போது பழைய கரைசலைக் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவி, புதுக்கரைசல் நிரப்பி, காற்றுக் குமிழி இறைத்து, வெயில் படாமல் மூட வேண்டும். பின்னர் ஒரு கிழமை புதுத்தளிரையே பார்த்திருக்கலாம். முற்றிலும் மஞ்சளித்த அடியிலை மீண்டும் பச்சையாவது அரிது.