ரெய்கி: கைவைத்துத் தரும் ஆறுதலும் அதன் எல்லையும்

ஒருவரை உடையுடன் படுக்கவைத்து, தலை, தோள், வயிறு, கால் ஆகிய இடங்களில் கைகளை மெதுவாக வைத்தோ சற்று மேலே நிறுத்தியோ செய்யப்படும் முறை ரெய்கி. இதில் பிடித்துவிடுவதோ எண்ணெய் தேய்ப்பதோ மருந்து கொடுப்பதோ இல்லை. ஓர் அமர்வு பொதுவாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடிக்கும்.

ஜப்பானிய மொழியில் ‘கி’ என்பது உயிராற்றலைக் குறிக்கிறது. இந்திய மரபில் ‘பிராணன்’ எனப்படுவதும் ஏறக்குறைய அதே கருத்துதான். திருநீறு போட்டு மந்திரிப்பதையும் வேப்பிலை அடிப்பதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரெய்கி அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடக்கம்

இம்முறையை 1922ல் தொடங்கியவர் ஜப்பானின் மிக்காவோ உசுய். கியோத்தோவுக்கு அருகிலுள்ள குராமா மலையில் நோன்பிருந்து தியானம் செய்தபோது இந்த ஆற்றல் தமக்குக் கிட்டியதாக அவர் கூறினார். 1926ல் அவர் மறைந்தார். கடற்படை அதிகாரியான அவரது மாணவர் சுஜிரோ ஹயாஷி தோக்கியோவில் சிகிச்சை நிலையம் நடத்தினார். ஹவாயில் பிறந்த ஹவாயோ தக்காத்தா 1935ல் அங்கு சிகிச்சை பெற்று, பின்னர் பயிற்சியும் பெற்று, ரெய்கியை ஹவாய்க்குக் கொண்டுசென்றார். 1980ல் மறைவதற்குமுன் அவர் 22 ஆசிரியர்களை உருவாக்கியிருந்தார். உலகெங்கும் ரெய்கி பரவியது பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான்.

பயிற்சி பொதுவாக மூன்று நிலைகளைக் கொண்டது. முதல் நிலையில் கைவைக்கும் முறை கற்பிக்கப்படும். இரண்டாம் நிலையில் குறியீடுகளும் தொலைவிலிருந்து ஆற்றல் அனுப்புவதாகச் சொல்லப்படும் முறையும் சேரும். மூன்றாவது, ஆசிரியர் நிலை.

ஆய்வுகள் சொல்வது

கைகளிலிருந்து ஆற்றல் பாய்வதை எந்தக் கருவியும் இதுவரை அளந்து காட்டியதில்லை. இதையொத்த ‘சிகிச்சைத் தொடுகை’ முறையை எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி எளிய சோதனைக்கு உட்படுத்தினார். தடுப்புக்கு அப்பால் கைகளை நீட்டிய 21 சிகிச்சையாளர்கள், தங்களது எந்தக் கைக்கு அருகே அவரது கை இருக்கிறது என்று கூறவேண்டும். 280 முயற்சிகளில் 123 மட்டுமே சரியாக அமைந்தன. குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி, அதாவது 140, சரியாக இருக்க வாய்ப்புண்டு. 1998ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இது வெளியானது.

ஆயினும், அமர்வுக்குப் பிறகு மனம் லேசானதாகப் பலர் சொல்வது பொய்யல்ல. அமைதியான அறை, ஒரு மணி நேர ஓய்வு, தம்மீது ஒருவர் காட்டும் அக்கறை ஆகியவை பதற்றத்தைத் தணிக்கக்கூடியவை. ஆனால், மனம் லேசாவது வேறு. நோய் குணமாவது வேறு.

அந்த வேறுபாட்டை மறந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். புற்றுநோய்க்கு மாற்றுச் சிகிச்சையை மட்டும் நாடிய 281 பேரைப் பற்றிய ஓர் அமெரிக்க ஆய்வு 2018ல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். ரெய்கியை மட்டும் ஆராய்ந்த ஆய்வல்ல இது. ஆனால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதன் விலையை அது காட்டுகிறது.

சிங்கப்பூரில்

இங்கு மருத்துவர்கள் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்திலும், 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சீனப் பாரம்பரிய மருத்துவர்கள் தங்களுக்குரிய வாரியத்திலும் பதிவுசெய்ய வேண்டும். ரெய்கிக்கு அத்தகைய சட்டபூர்வப் பதிவு இல்லை. சுவரில் மாட்டப்படும் சான்றிதழ், பயிற்சியளித்த தனியார் ஆசிரியர் வழங்கியது. மெடிசேவ் பணத்தையும் இதற்குப் பயன்படுத்த முடியாது.

சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு பரவலாக இருப்பதால் கூடுதல் கவனம் தேவை. ஆயுர்வேதக் கடைகளும் சோதிடர்களும் நிறைந்த லிட்டில் இந்தியாவுக்கு அருகிலேயே கேகே மகளிர், சிறார் மருத்துவமனை உள்ளது. எந்தக் கதவைத் தட்டினாலும் சிலவற்றை நினைவில் கொள்வது நல்லது:

* மருத்துவர் சொல்லாமல் இன்சுலினையோ ரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தக்கூடாது. நிறுத்தச் சொல்லும் சிகிச்சையாளரிடம் மீண்டும் செல்லாதிருப்பதே பாதுகாப்பு.
* மார்பில் கட்டி, காரணமில்லாத எடைக்குறைவு, ஆறாத புண் ஆகியவற்றுக்கு முதலில் பலதுறை மருந்தகத்தையோ குடும்ப மருத்துவரையோ நாடவேண்டும்.
* கட்டணம், அமர்வுகளின் எண்ணிக்கை, எங்கெங்கே கைவைக்கப்படும் என்பவற்றை முன்கூட்டியே கேட்டறியலாம். தொட வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு.
* ரெய்கிக்குச் செல்வதை மருத்துவரிடம் மறைக்கத் தேவையில்லை.

நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், கைகால் செயலிழப்பு போன்றவை ஏற்பட்டால் தாமதிக்காமல் 995ஐ அழைக்க வேண்டும்.