குரங்கணி காட்டுத் தீ (2018)

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த மலைச்சரிவில் 2018 மார்ச் 11 அன்று பரவிய தீ. மலையேற வந்தவர்களில் 23 பேர் இறந்ததால் இது மலையேற்ற விபத்தாகவே பதிவாகியுள்ளது. அந்தப் பதிவு அரைகுறையானது. விமானப்படை ஹெலிகாப்டர்களும் ஈடுபட்ட மீட்பில் முதலில் மேலேறியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். பின்னர் மலையேற்றத்துக்குத் தடை வந்தபோது ஜீப், சாப்பாட்டுக்கடை, வழிகாட்டி வேலை என்று வந்த சில்லறை வருமானத்தை இழந்தவர்களும் அவர்களே.

காட்டைக் காப்பதில் ஊர்க்காரர்களைச் சேர்க்க வேண்டும் என்றால், மேய்ச்சல் புல் தழைக்கத் தீ வைப்பவர்களும் கிராமத்தார்தானே என்பது வழக்கமான மறுப்பு. இந்தியக் காட்டுத் தீயில் பெரும்பகுதி மனிதரால் மூள்வது உண்மைதான். ஆனால் எளிதில் தீப்பற்றும் போதைப்புல் காய்ந்து கிடக்கும் சரிவில் ஒரு பீடித் துண்டும் போதும்; அதைப் போட்டவர் உள்ளூரா வெளியூரா என்று தீ பார்ப்பதில்லை. கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், புகையைக் கண்டதும் ஓடவும் அருகில் இருப்பவர்கள் கிராமத்தாரே. அவர்களைச் சந்தேகத்துக்குரியவர்களாக மட்டும் நடத்தினால் தீயணைக்க ஆளிருக்காது. 2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் தருகிறது. 2024-இல் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டத்தில் உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகள்.