பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா?

சிக்னல் அனலைசரோடு சில வருடம் மாரடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தப் பெட்டியில் முதலில் செட் பண்ண வேண்டியது இன்புட் ரேஞ்ச். உள்ளே வரப்போகும் மின்னழுத்தம் அதிகபட்சம் எவ்வளவு என்று கருவிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம்மில் பல பேர் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவோம்.

ஒருமுறை ஒரு பம்பின் அதிர்வை அளந்தபோது ரேஞ்சை 1 வோல்ட்டில் வைத்துவிட்டேன். சென்சாரோ 3 வோல்ட் வரை கொடுத்துக்கொண்டிருந்தது. அலையின் மேல் நுனியும் கீழ் நுனியும் கத்தரித்த மாதிரி தட்டையாகிவிட்டன. அப்படித் தட்டையான அலையை அதிர்வெண்களாகப் பிரித்தால், அசல் அதிர்வெண்ணின் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என்று இயந்திரத்தில் இல்லாததெல்லாம் வரிசையாக முளைக்கும். இல்லாத கோளாறைத் தேடி அரை நாள் போச்சு. ஓவர்லோட் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

சரி, எதற்கு வம்பு என்று எப்போதும் 10 வோல்ட்டிலேயே வைத்துவிடலாமா? அதிலும் சிக்கல் உண்டு. 16 பிட் கருவியிடம் இருப்பது மொத்தம் 65,536 படிகள். அவற்றை மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வோல்ட் வரை பங்கு போட்டால் ஒரு படி சுமார் 0.3 மில்லிவோல்ட். 1 வோல்ட் ரேஞ்சில் அது 0.03 மில்லிவோல்ட். ரேஞ்சைப் பெரிதாக வைத்தால் சின்ன சிக்னல்கள் படிகளுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

ஆக, ரேஞ்ச் வைப்பது என்பது ஒரு ஊகம். அளப்பதற்கு முன்னாலேயே "இவ்வளவுதான் வரும்" என்று முடிவு செய்கிறோம். அந்த ஊகம் தப்பிய இரண்டு சம்பவங்கள் வரலாற்றில் எனக்கு மறக்கவே மறக்காது.

முதலாவது 1958. அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1 ஜனவரி 31 அன்று கிளம்பியது. காஸ்மிக் கதிர்களை எண்ணுவதற்காக அதற்குள் ஒரு கைகர் கவுண்ட்டர் இருந்தது. அயோவா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வான் ஆலனின் குழு செய்தது. விநாடிக்கு சுமார் 30 எண்ணிக்கை வரும் என்பது அவர்கள் கணக்கு. தாழ்வாகப் பறந்தபோது கிட்டத்தட்ட அப்படியே வந்தது. ஆனால் உயரமான இடங்களில் சில நேரம் எண்ணிக்கையே வரவில்லை.

எக்ஸ்ப்ளோரர் 1-இல் டேப் ரெக்கார்டர் கிடையாது. தரை நிலையத்துக்கு மேலே வரும்போது கிடைத்த துண்டு துண்டான பதிவுகள்தான். மார்ச் 26 அன்று போன எக்ஸ்ப்ளோரர் 3-இல் ரெக்கார்டர் இருந்தது. அந்தப் பதிவை வாஷிங்டனில் வாங்கிக்கொண்டு, ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ராத்திரியோடு ராத்திரியாக வான் ஆலன் வரைபடம் போட்டார். எண்ணிக்கை மளமளவென்று ஏறுகிறது, திடீரென்று பூஜ்யம், ரொம்ப நேரம் பூஜ்யம், பிறகு மறுபடி உயரத்திலிருந்து இறங்குகிறது.

கவுண்ட்டர் கெட்டுப்போச்சு என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் கெட்டுப்போனது எப்படித் தானாகவே திரும்ப வேலை செய்யும்? குழுவிலிருந்த கார்ல் மெக்இல்வெய்ன் அதே வகை கவுண்ட்டரை எக்ஸ்ரே கருவி முன்னால் வைத்துப் பார்த்தார். கதிர்வீச்சைக் கூட்டக் கூட்ட எண்ணிக்கை ஏறியது, ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கிப் பூஜ்யத்துக்கே வந்துவிட்டது. காரணம் எளிது. ஒரு துகளை எண்ணிய பிறகு கைகர் குழாய் மூச்சு வாங்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதற்குள் அடுத்தது, அடுத்தது என்று வந்துகொண்டே இருந்தால் துடிப்புகள் சிறுத்துப்போகும். எண்ணும் சுற்றின் கண்ணுக்கு அவை தட்டுப்படாது.

அதாவது மேலே காட்டிய பூஜ்யம் வெறுமை இல்லை, வெள்ளம். எதிர்பார்த்ததைப் போல் ஆயிரம் மடங்கு அளவுக்குக் கதிர்வீச்சு! மே 1 அன்று வான் ஆலன் இதை அறிவித்தார். பூமியைச் சுற்றியிருக்கும் அந்தக் கதிர்வீச்சு வளையங்களுக்கு இன்று அவர் பெயர்தான். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அடுத்து நடந்தது. ஜூலையில் போன எக்ஸ்ப்ளோரர் 4-க்கு ரேஞ்சை மாற்றி அமைத்தார்கள். கவுண்ட்டர்கள் சிறியவை, ஒன்றுக்கு ஈயக் கவசம், கூடவே வேறு வகை டிடெக்டர்கள்.

இரண்டாவது சம்பவத்தில் சந்தோஷப்பட எதுவும் இல்லை. 1986 ஏப்ரல் 26, செர்னோபில். உலை வெடித்த ராத்திரி ஊழியர்கள் கையிலிருந்த மீட்டர்களின் உச்ச வரம்பு விநாடிக்கு 1,000 மைக்ரோராண்ட்ஜன். மணிக்கு மாற்றினால் 3.6 ராண்ட்ஜன். முள் அங்கே போய் முட்டி நின்றது. "குறைந்தது 3.6" என்று சொல்லியிருக்க வேண்டியது, மேலிடத்துக்குப் போகும்போது "3.6" ஆகிவிட்டது. உண்மையில் சில இடங்களில் மணிக்கு ஆயிரக்கணக்கான ராண்ட்ஜன். பக்கத்து ஊரான ப்ரிப்யாத்தின் சுமார் 49,000 பேரை வெளியேற்றத் தொடங்கியது மறுநாள் மதியம். ஊழியர்களிலும் தீயணைப்பு வீரர்களிலும் 28 பேர் அடுத்த சில மாதங்களுக்குள் கடும் கதிர்வீச்சு நோயால் இறந்தார்கள். இத்தனைக்கும் ஒரு மீட்டர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விஷயம் அவ்வளவு மோசமில்லை என்று நம்ப விரும்பியவர்களுக்கு அந்த எண் ரொம்ப வசதியாக இருந்தது.

இரண்டு இடத்திலும் கருவி வரம்பைத் தாண்டிப்போனது. ஒரு இடத்தில் வந்த எண்ணைச் சந்தேகப்பட்டுச் சோதித்தார்கள், இன்னொரு இடத்தில் அப்படியே எழுதி அனுப்பினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் நான் முதலில் பெரிய ரேஞ்சில் ஆரம்பித்து, சிக்னலின் உச்சத்தைப் பார்த்து, கொஞ்சம் இடம் விட்டு, படிப்படியாக இறங்குகிறேன். ஆட்டோ ரேஞ்ச் இருந்தாலும் சரி, ஒரு எண்ணைக் குறித்துக்கொள்வதற்கு முன் ஓவர்லோட் விளக்கை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அரை நாள் மிச்சம்.