மிஹ்ரான்: எல்லை கடக்கும் நதியும் இஸ்லாமிய நீர் நீதியும்

அரபுப் புவியியல் நூல்கள் 'மிஹ்ரான்' என்று குறிப்பிடுவது சிந்து நதியையே. சிந்து என்னும் சொல் பாரசீகர் நாவில் 'ஹிந்து' ஆகி, அரபியில் நம் நாட்டுக்கு 'ஹிந்த்' என்னும் பெயரைத் தந்தது. ஆயினும் அந்நதியின் பெரும்பகுதி இன்று நம் எல்லைக்கு அப்பால் ஓடுகிறது.

மிஹ்ரானில் முதலைகள் வாழ்வதைக் கொண்டு, அது நைல் நதியோடு தொடர்புடையது என ஜாஹிஸ் கருதினார். மஸ்ஊதியும் அல்பிரூனியும் அதனை ஏற்கவில்லை. உண்மையில் திபெத்தில் கயிலை மலையருகே தோன்றும் அந்நதி, லடாக் வழியே இறங்கிப் பாகிஸ்தானைக் கடந்து அரபிக்கடலில் கலக்கிறது.

1947இல் வரையப்பட்ட எல்லைக்கோடு பாசன அமைப்பையும் பிளந்தது. மாதோபூர், ஃபிரோஸ்பூர் தலைமதகுகள் இந்தியாவிலும், அவற்றால் நீர் பெற்ற பல கால்வாய்கள் பாகிஸ்தானிலும் அமைந்தன. 1948 ஏப்ரல் 1இல் கிழக்குப் பஞ்சாப் அரசு நீரை நிறுத்தியது. மே மாத உடன்பாட்டிற்குப் பின் நீர் மீண்டும் விடப்பட்டது. உலக வங்கியின் முயற்சியால் 1960 செப்டம்பர் 19இல் கராச்சியில் நேருவும் அய்யூப்கானும் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கும். சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கும் என வகுக்கப்பட்டது. 1965, 1971 போர்களிலும் அது முறியவில்லை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதையடுத்து இந்தியா அதனை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அக்கொலை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாத கொடுமை. எனினும், அக்குற்றத்திற்கான தண்டனை உழவனின் வயலைச் சேரலாமா என்பது நம் சிந்தனைக்குரியது.

மதீனாவின் ஹர்ராப் பகுதி வாய்க்கால் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரி ஒருவருக்கும் வழக்கு எழுந்தது. மேல்மடையில் இருந்த ஸுபைர் (ரலி) முதலில் பாய்ச்சிக்கொண்டு, பின்னர் அண்டை வயலுக்கு நீரை விடவேண்டும் என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல். அன்சாரி அதனை ஏற்காதபோது, ஸுபைருக்கு முழு உரிமையை அளித்துத் தீர்ப்பளித்தார்கள்; அதற்கும் ஓர் அளவு வைத்தார்கள். மேலுள்ளவருக்கு முன்னுரிமை உண்டு, முற்றுரிமை இல்லை. தஜ்லா, ஃபுராத் போன்ற பேராறுகள் அனைவருக்கும் பொதுவானவை என்று இமாம் அபூயூசுஃப் (ரஹ்) 'கிதாபுல் கராஜ்' நூலில் விளக்குகிறார்.

இது நமக்குப் புதிய நீதியன்று. அரியக்குடியை உள்ளடக்கிய செட்டிநாட்டில் வற்றாத ஆறில்லை, மழைநீரே வாழ்வு. மேல் கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியே கீழ்க் கண்மாய்க்கு நீர் செல்லும். கலுங்கை உயர்த்தி அடைப்பவனை ஊர் பொறுப்பதில்லை. ஊர்களுக்கிடையே நாம் வேண்டும் இந்நீதியை நாடுகளுக்கிடையேயும் வேண்டுவதே முறையாகும்.